மாலைக்கும் நீராவிக்கும் டெண்டர் விடுங்கள்: எரிசக்தி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

புது தில்லியில் உள்ள புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் செயலருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பாய்லர் வேலை பார்க்கும் பொறியாளன். சாயப்பட்டறை, பால் பண்ணை, ஆஸ்பத்திரி, விடுதிச் சமையற்கூடம் என்று ஸ்டீம் ஓடும் இடமெல்லாம் எனக்கு வேலை உண்டு. வெயிலைக் கண்ணாடிகளால் ஒரே இடத்தில் குவித்து, அந்தச் சூட்டில் நீராவியும் மின்சாரமும் எடுக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். தொழிலில் இதை சோலார் தெர்மல் என்போம். இதற்கு இந்தியாவில் சந்தை கிடையாது என்ற எண்ணம் இன்று எல்லா மட்டத்திலும் ஊறிவிட்டது. "அதைத்தான் 2010-லேயே பார்த்தாச்சே, வெயிலிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் சோலார் பேனல்தான் மலிவு" என்ற ஒரு வரியில் கூட்டங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது.

2010-இல் பார்த்தது உண்மை. பார்த்த விதம் தவறு. நடுப்பகல் யூனிட் விலையில் பேனலோடு மோதவிட்டு, தோற்றதும் கணக்கை மூடிவிட்டோம். இந்தத் தொழில்நுட்பம் விலைபோகும் இடங்கள் வேறு: ஒன்று, சூரியன் மறைந்த பிறகு மின்கட்டமைப்பு தவிக்கும் நேரம். இன்னொன்று, ஆலைகளின் ஸ்டீம் குழாய். இரண்டுக்கும் அமைச்சகம் இதுவரை ஒழுங்கான டெண்டர் விடவில்லை என்பதுதான் என் குறை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைய அதிகாரிகள் பலர் அப்போது அந்த நாற்காலியில் இல்லை. 2010 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தி இயக்கம் தொடங்கியது. முதல் கட்டத்தில் பாதி பேனலுக்கு, பாதி சோலார் தெர்மலுக்கு என்று பிரித்தார்கள். அது துணிச்சலான முடிவு, அதை இன்றும் மதிக்கிறேன். அந்த ஆண்டு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சோலார் தெர்மலுக்கு வைத்த அடிப்படை விலை யூனிட்டுக்கு 15.31 ரூபாய். மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி.யின் வர்த்தகப் பிரிவு என்.வி.வி.என். இதற்குத் தலைகீழ் ஏலம், அதாவது குறைந்த விலை கேட்பவருக்கே திட்டம் என்ற ஏலம், நடத்தியது. அதில் 7 திட்டங்கள், மொத்தம் 470 மெகாவாட், தேர்வாயின. கேட்ட விலை 10.49 ரூபாயிலிருந்து 12.24 ரூபாய் வரை. அதற்கு முன் இந்தியாவில் ஒருவரும் வணிக அளவில் கட்டியிராத ஒரு தொழில்நுட்பத்துக்கு, அடிப்படை விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை கழித்துக் கேட்டிருந்தார்கள். கட்டி முடிக்கக் கொடுத்த அவகாசம் 28 மாதம்.

ஏழில் மூன்றுதான் எழுந்து நின்றன. 2013-இல் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் நோக் என்ற இடத்தில் கோதாவரி நிறுவனத்தின் 50 மெகாவாட். அடுத்த ஆண்டு அதே மாவட்டத்தின் துர்சாரில் ரிலையன்ஸ் கட்டியது. நீண்ட பட்டைக் கண்ணாடிகளை வரிசையாகப் பரப்பும் ஃபிரெனல் வகை. ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் மேகா எஞ்சினியரிங்கின் 50 மெகாவாட். மற்றவை பாதியிலேயே நின்றன. அதே சமயத்தில் பேனல் விலை சரிந்தது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் யூனிட் 2.44 ரூபாய்க்கு வந்தது, 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99. அப்புறம் சோலார் தெர்மல் பேச்சை எடுக்கவே ஆளில்லை.

ஆனால் அந்த ஏழு திட்டங்களின் டெண்டரில் என்ன கேட்டோம், என்ன கேட்கவில்லை என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். வெப்பத்தைச் சேமிக்கும் தொட்டி வேண்டும் என்று கேட்கவில்லை. எந்த மணிநேரத்தில் மின்சாரம் தந்தாலும் ஒரே விலை என்றோம். ஸ்பெயினில் ஆண்டாசோல் நிலையம் ஏழரை மணி நேரச் சேமிப்போடு அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. 2011-இல் கெமாசோலார் 15 மணி நேரச் சேமிப்போடு வந்து, இரவு முழுவதும் டர்பைனைச் சுழற்றிக் காட்டியது. சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் இரண்டையும் ஏறத்தாழ 60:40 விகிதத்தில் கலந்த உப்பில்தான் இப்படி வெப்பத்தைச் சேமிக்கிறார்கள். அந்த உப்பை உருக்கி, 290 டிகிரித் தொட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடிகள் வெயிலைக் குவிக்கும் கோபுர உச்சியில் 565 டிகிரி வரை காய்ச்சி, இன்னொரு தொட்டியில் வைத்துவிட்டால் வேண்டும்போது நீராவி எடுத்துக்கொள்ளலாம். வெப்பத்தைப் பத்திரப்படுத்துவதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பலமே. அந்தப் பலத்துக்கு நாம் ஒரு பைசா விலை வைக்கவில்லை.

வெயிலையும் அளக்கவில்லை. கண்ணாடியால் குவிக்க வேண்டுமென்றால் நேராக வந்து விழும் கதிர் வேண்டும். தரையில் நிழல் கூர்மையான ஓரத்தோடு விழுகிற வெயில்தான் இதற்குச் சரக்கு. மேகத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறி வரும் வெளிச்சத்தில் பேனல் ஓடும், கண்ணாடி ஓடாது. ராஜஸ்தானில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, தூசிக்கும் பஞ்சமில்லை. ஏலத்தில் கலந்துகொண்டவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் செயற்கைக்கோள் மதிப்பீடு. இடத்தில் வந்து அளந்தபோது நேரடிக் கதிர் குறைவாக இருந்தது. அதைச் சரிக்கட்டக் கூடுதல் கண்ணாடி போட வேண்டிவந்தது, செலவு ஏறியது. தரையில் அளக்கும் நிலையங்களைச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாலை ஆற்றல் நிறுவனம், அன்றைக்கு அதன் பெயர் சி-வெட், 51 இடங்களில் நிறுவியது 2011-இல். அதாவது ஏலம் முடிந்த பிறகு. நல்ல வேலை, நேர்த்தியாகச் செய்தார்கள். ஓராண்டு முன்னால் செய்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவும் நம்மைப் போல வளரும் நாடுதான், நிலக்கரியை நம்பி வாழும் நாடு, மின்வெட்டில் அடிபட்ட நாடு. 2013-இல் தன் மூன்றாவது சுற்று டெண்டரில் அவர்கள் சோலார் தெர்மலுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: மாலை 4.30 முதல் 9.30 வரை தரும் மின்சாரத்துக்கு அடிப்படை விலையைப் போல 2.7 மடங்கு, நள்ளிரவில் தந்தால் ஒன்றுமில்லை. விலைப்பட்டியலில் அந்த ஒரு வரி மாறியதுமே நிலையங்களின் வடிவமைப்பு மாறியது. நார்தர்ன் கேப் மாகாணத்தில் 100 மெகாவாட் நிலையங்கள் சேமிப்புத் தொட்டியோடு எழுந்தன. மொராக்கோவின் வார்சசாத் வளாகத்திலும் முதல் நிலையத்தைவிட அடுத்தடுத்த நிலையங்களில் சேமிப்பு நேரம் கூடியது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றாலேயே குளிர்விக்கிறார்கள். ராஜஸ்தான் வறட்சிக்கு அது முக்கியமான பாடம். துபாயில் 2017-இல் 700 மெகாவாட்டுக்கு யூனிட் 7.3 அமெரிக்க சென்ட் என்று ஒப்பந்தமானது. உலகளவில் சோலார் தெர்மல் மின்சாரத்தின் சராசரி அடக்கவிலை 2010-க்கும் 2023-க்கும் இடையில் சுமார் 70 சதவீதம் இறங்கியிருப்பதாக சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை கணக்குக் காட்டுகிறது. நாம் 2010 விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்றும் பேசுகிறோம்.

எல்லாம் வெற்றிக்கதை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் நெவாடாவில் கிரெசன்ட் டியூன்ஸ் நிலையத்தில் உப்புத் தொட்டி கசிந்து, 110 மெகாவாட் மாதக்கணக்கில் நின்றுபோய், கடைசியில் அந்தத் திட்டம் திவாலானது. தொட்டியின் அடித்தளத்தை எப்படிக் கட்டுவது, வெல்டிங்கை எப்படிச் சோதிப்பது என்பதை அந்தத் தோல்வியிலிருந்து கற்கலாம். பாய்லர் வேலையில் இருப்பவனுக்கு இது புதிதில்லை. வெடித்த பாய்லர்களைப் பார்த்துத்தான் பாய்லர் சட்டமே எழுதினார்கள்.

பேட்டரி வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022-இல் மெகாவாட்டுக்கு மாதம் 10.83 லட்சம் என்று கேட்ட பேட்டரி சேமிப்பு, இரண்டே ஆண்டில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் தாங்க வேண்டுமென்றால் பேட்டரிதான் வாங்க வேண்டும், நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் நாட்டின் சூரிய மின் திறன் 2025 ஜனவரி இறுதியில் 100 கிகாவாட்டைத் தாண்டியது. பகலில் மிஞ்சுகிறது, மாலையில் அத்தனையும் சில மணி நேரத்துக்குள் விழுந்துவிடுகிறது. அந்த இடைவெளி மாலையோடு முடிவதில்லை, விடிய விடிய நீள்கிறது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் என்று வரும்போது பேட்டரியில் நேரம் கூடக் கூட மின்கலங்களின் எண்ணிக்கையும் கூட வேண்டும். உப்புக்கோ கூடுதலாக உப்பும் கொஞ்சம் பெரிய தொட்டியும்தான். கூடவே ஒரு டர்பைன் சுழல்கிறது; அதன் கனம் மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கும். அனல் நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெறும்போது அதற்கு ஒரு விலை உண்டு. இந்த இரண்டில் எது வெல்லும் என்று நான் சோதிடம் சொல்ல வரவில்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல், சூரியன் மறைந்த பிறகு, என்று டெண்டரில் எழுதுங்கள். யார் மலிவாகத் தருகிறார்களோ தரட்டும்.

இனி என் வேலை நடக்கும் இடத்துக்கு வருகிறேன்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைப் பாய்லர் கூடத்துக்குள் எந்த நேரத்தில் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். வாசலில் லாரியிலிருந்து விறகு இறங்கும். உள்ளே ஒருவர் கதவைத் திறந்து கட்டையைத் தள்ளிவிட்டு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டு, பிரஷர் கேஜைத் தட்டிப் பார்ப்பார். பருத்திக்குச் சாயம் ஏற 60 டிகிரி போதும், சோப்பு வாஷுக்கு 95, பாலியஸ்டருக்கு 130. இதற்காக எட்டு, பத்து கிலோ பிரஷரில் ஸ்டீம் எடுக்கிறோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற விதி கறாராக அமலானது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். அந்த எவாப்பரேட்டருக்கும் ஸ்டீம் வேண்டும். நொய்யல் ஆற்றையும் அதன் ஒரத்துப்பாளையம் அணைப் பகுதி விவசாயிகளையும் காப்பாற்ற நாம் விறகை எரிக்கிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த எவாப்பரேட்டர் வெற்றிடத்தில் ஓடுவதால் நூறு டிகிரிக்குள்ளேயே கொதிக்கும். குவித்த வெயிலுக்கு அது சாதாரணச் சூடு.

சரி, எல்லாச் சாயப்பட்டறையிலும் விறகை நிறுத்திவிட்டு வெயிலுக்கு மாறிவிடலாமா? முடியாது. கணக்கைச் சொல்கிறேன். ஒரு டன் ஸ்டீம் எடுக்க ஏறத்தாழ கால் டன் காய்ந்த விறகு போகும். அதே ஒரு டன்னை வெயிலில் எடுக்க, ஒரு நல்ல நாளில், சுமார் 250 சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும். இது என் மனக்கணக்கு மட்டுமில்லை. திருமலையில் 2002-இல் அன்னதானக் கூடத்துக்காக சூரியனைத் தொடர்ந்து திரும்பும் ஷெஃப்லர் வகைக் குவி கண்ணாடித் தட்டுகள் 106 வைத்தார்கள், சுமார் ஆயிரம் சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு நாளைக்கு 4,000 கிலோ ஸ்டீம், 15,000 பேருக்குச் சமையல் என்ற திட்டம் அது. கணக்கு ஒத்துவருகிறது. இப்போது மணிக்கு 4 டன் பாய்லர் ஒன்று 20 மணி நேரம் ஓடும் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். 80 டன்னுக்குக் கண்ணாடி மட்டுமே ஐந்து ஏக்கர். ஒன்றின் நிழல் ஒன்றின் மேல் விழாமல் இடம் விட்டால் பத்து, பன்னிரண்டு ஏக்கர் ஆகிவிடும். திருப்பூரில் நிலம் விற்கும் விலைக்கு யார் வாங்கிக் கொடுப்பார்? போதாக்குறைக்கு எங்கள் ஊர் நேரடிக் கதிர் ராஜஸ்தான் அளவுக்கு வராது. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வேகத்துக்குத் தட்டுகளை மடக்கி வைக்க வேண்டிய நாட்களும் உண்டு.

அரிசி ஆலையையும் விட்டுவிடுங்கள். காங்கேயத்தில் நெல் அவிக்கிறவர்கள் தங்கள் உமியையே எரிக்கிறார்கள். சும்மா கிடைக்கும் எரிபொருளோடு எந்தக் கண்ணாடியும் போட்டி போடாது.

அப்படியானால் சந்தை எங்கே? விலை உயர்ந்த எரிபொருளை எரிக்கும் இடத்தில். ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் பால் பண்ணை, கேஸ் எரிக்கும் விடுதி, துணி துவைக்கவும் கருவிகளைக் கிருமி நீக்கவும் ஸ்டீம் எடுக்கும் ஆஸ்பத்திரி, மருந்துத் தொழிற்சாலை. ஒரு டன் ஸ்டீமுக்கு ஃபர்னஸ் ஆயில் சுமார் 70 கிலோ, எல்.பி.ஜி. என்றால் 62 கிலோ. கடையில் வரும் 19 கிலோ சிலிண்டரில் மூன்றுக்கும் மேல். 250 சதுர மீட்டர் கண்ணாடி வைத்த ஒரு விடுதிக்கு ஆண்டில் 250 நாள் வெயில் கிடைத்தாலே 800 சிலிண்டர் மிச்சம். பாலைக் கிருமி நீக்க 72 டிகிரியில் 15 விநாடி, அவ்வளவுதான் சூடு. பால் வருவதோ விடிகாலை. முந்தைய நாள் மாலை வரை காய்ச்சிய வெந்நீரை உறையிட்ட தொட்டியில் வைத்திருந்தால் காலை வேலைக்கு உதவும். மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் ஒரு பால் பண்ணை, ஐ.ஐ.டி. மும்பையின் துணையோடு உருவான அருண் என்ற 160 சதுர மீட்டர் தட்டை இதற்காகவே வைத்துக் காட்டியது. ராஜஸ்தானின் ஆபு ரோடில் பிரம்ம குமாரிகளின் இந்தியா ஒன் நிலையம் 60 சதுர மீட்டர் தட்டுகள் 770 வைத்து, வார்ப்பிரும்புக் கட்டிகளில் வெப்பத்தைச் சேமித்து இரவிலும் மின்சாரம் எடுக்கிறது. கட்டியவர்கள் நம் ஊர் ஃபிட்டர்கள், நம் ஊர் வெல்டர்கள்.

பேனலும் மின் பாய்லரும் வைத்தால் போதாதா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலம் தாராளமாக இருந்தால் சரி, வையுங்கள். கூரைதான் இருக்கிறது என்றால், ஒரு சதுர மீட்டர் பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத் தரும், ஒரு சதுர மீட்டர் கண்ணாடி நேரடிக் கதிரில் பாதியை வெப்பமாகவே தந்துவிடும். கூரை குறுகிய இடத்தில் அந்த வித்தியாசம் பெரிது.

உங்கள் அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2012-இல் சேர்ந்து ஆலை வெப்பத்துக்கான குவி கண்ணாடித் திட்டம் ஒன்றைத் தொடங்கினீர்கள். பல இடங்களில் தட்டுகள் எழுந்தன. ஆனால் மானியம் சதுர மீட்டர் கணக்கில், நிறுவும்போதே கொடுக்கப்பட்டது. அதன் விளைவை நான் ஒரு விடுதிக் கூரையில் பார்த்தேன். சமையற்கூடத்துப் பாய்லர் ரிப்பேருக்குப் போனவன், மாடியில் தட்டுகள் நிற்பதைப் பார்த்துவிட்டு ஏறிப்போனேன். கண்ணாடிகளில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. சூரியனைத் தொடர்ந்து தட்டைத் திருப்பும் டைமர் நின்றுபோயிருந்தது. கொஞ்ச காலம் சமையல்காரர்களே கயிறு கட்டி இழுத்துத் திருப்பியிருக்கிறார்கள். ஸ்டீம் குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் கசிந்ததும் வால்வை மூடிவிட்டார்கள். பருவத்துக்குத் தகுந்தபடி தட்டின் சாய்வை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, நிறுவிய கம்பெனி கடையை மூடிவிட்டது. ஒரு டைமர், ஒரு கேஸ்கெட், சில நாட்களுக்கு ஒருமுறை கைவைக்கத் தெரிந்த ஒருவர். இவ்வளவு இல்லாததால் அத்தனை கண்ணாடியும் வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கின்றன, கீழே சிலிண்டர் எரிகிறது. கோபம் வராமல் எப்படி இருக்கும்?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வெப்பத்துக்கு மானியம் கொடுங்கள், ஆனால் கண்ணாடியை எண்ணாதீர்கள். ஹீட் மீட்டர் வைத்து, ஓடிய வெப்பத்துக்கு ஐந்து ஆண்டோ ஏழு ஆண்டோ காலாண்டுதோறும் கொடுங்கள். அப்போது நிறுவுகிறவர் டைமர் நின்ற அன்றே ஓடி வருவார். சில நிறுவனங்கள் தாமே தட்டு வைத்து, ஸ்டீமை டன் கணக்கில் விற்க முன்வருவார்கள். ஆலைக்காரருக்கு முதலீட்டுச் சுமை இல்லை. ஐ.டி.ஐ.களில் பாய்லர் அட்டெண்டர் பயிற்சியோடு இதையும் ஒரு பாடமாகச் சேருங்கள். அரசு மருத்துவமனை, கூட்டுறவுப் பால் பண்ணை, மாணவர் விடுதி, சாயக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றின் எரிபொருள் செலவைக் கணக்கெடுத்து, எண்ணெயும் கேஸும் எரிக்கும் இடங்களிலிருந்து தொடங்குங்கள்.

மின்சாரப் பக்கத்தில், மாலைக்குப் பிறகான நேரத்துக்குத் தனி விலை வைத்து, எட்டு மணி நேரத்துக்குக் குறையாத சேமிப்போடு ஒரு டெண்டர். பகலுக்குப் பேனலும் இரவுக்கு உப்பும் சேர்ந்த கலப்புத் திட்டங்களை அனுமதியுங்கள். இடத்தை அமைச்சகமே தேர்ந்தெடுத்து, குறைந்தது ஓராண்டு நேரடிக் கதிரைத் தரையில் அளந்து, அந்த அளவை ஏலத்துக்கு முன்பே எல்லாருக்கும் இலவசமாகக் கொடுங்கள். 28 மாதத்தில் கட்டு என்று கழுத்தைப் பிடிக்காதீர்கள். உருக்கிய உப்புத் தொட்டியை முதல் முறை கட்டுகிறவருக்கு நான்கு ஆண்டு தேவை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. நோக், துர்சார், அனந்தபூர் மூன்றும் பத்தாண்டுக்கும் மேலாக நம் மண்ணில், நம் தூசியில் பாடம் படித்திருக்கின்றன. எத்தனை யூனிட், எந்த மணியில், எந்த மாதம் விழுந்தது, கண்ணாடி கழுவ எவ்வளவு தண்ணீர், எந்தப் பாகம் எத்தனை முறை மாற்றப்பட்டது, நேரடிக் கதிர் உண்மையில் எவ்வளவு என்பதை ஆண்டு வாரியாக ஓரிடத்தில் தொகுத்து வெளியிடுங்கள். அவர்களின் மின்சாரத்தை வாங்கியது பொதுத்துறை, பணம் கட்டியது நாங்கள். அடுத்த டெண்டர் ஆவணத்தை எழுத உட்காரும் முன் அந்தத் தொகுப்பு வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு பாய்லர் பொறியாளர்